குனிந்து அடியைப் பாருங்கள்: ரேஸ் பைக் ஏற்றும் மூடிய டிரெய்லர்கள், ஒரு நேரடி அலசல்

அமெரிக்க மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றதும் மோட்டோஅமெரிக்கா தொடரின் பெரிய டிரக்குகளும் சீருடை போட்ட மெக்கானிக்குகளும் கண்முன் வருவார்கள். அது உச்சியில் இருக்கும் சில பேருடைய உலகம். அமெரிக்காவில் ரேஸ் ஓட்டுபவர்களில் பெரும்பாலானோர் கிளப் ரேஸர்கள்தான். வாரத்தில் ஐந்து நாள் வேலை, சனி ஞாயிறு ரேஸ். பைக்கை ஏற்றுவதும், டயர் மாற்றுவதும், ஓட்டி முடித்த அசதியோடு அன்று இரவே வீடு திரும்புவதும் ஒரே ஆள்தான். அட்லாண்டாவாசிகளுக்கு பிரேசல்டனில் இருக்கும் ரோடு அட்லாண்டா பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அலபாமாவின் பார்பர் டிராக்குக்கு 200 கிலோமீட்டருக்கு மேல், சவானாவை ஒட்டிய ரோப்ளிங் ரோடுக்கு சுமார் 400 கிலோமீட்டர், வர்ஜீனியாவின் விஐஆர் டிராக்குக்கு அதற்கும் மேல். ஒரு சீசன் முழுக்க இந்தத் தூரத்தைப் பைக்கோடு கடக்க வேண்டும்.

நம் ஊரில் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குக் குட்டி யானையிலோ டெம்போவிலோ பைக்கை ஏற்றி அனுப்பிவிடலாம். ஓட்ட ஒருவர், இறக்க இருவர் கிடைப்பார்கள். அமெரிக்காவில் அந்தக் கூலி கட்டுப்படியாகாது. அதனால் சொந்தக் காருக்குப் பின்னால் ஒரு டிரெய்லர். மழையும் கள்ளனும் இருக்கிற ஊரில் அது மூடிய டிரெய்லராக இருந்தால் நல்லது. கூடுதலாக, அதுவே டிராக்கில் வண்டிகள் நிறுத்தும் பேடக்கில் பட்டறை, உடை மாற்றும் அறை, இரவுப் படுக்கை எல்லாமாகிவிடுகிறது.

கிளப் ரேஸர்கள் அதிகம் வாங்கும் மூன்று அளவுகளில் பைக் ஏற்றி, இழுத்து, உள்ளே வேலை பார்த்து எழுதும் அலசல் இது: 6×12 அடி ஒற்றை அச்சு, 7×14 அடி இரட்டை அச்சு, எட்டரை அடி அகலம் 20 அடி நீளம் கொண்ட பெரிய பெட்டி. எந்தக் கம்பெனி என்ற கேள்விக்கு நான் அதிக இடம் தரப்போவதில்லை. இண்டியானாவின் எல்க்ஹார்ட் வட்டாரத்திலும் தென் ஜார்ஜியாவின் டக்ளஸ் பக்கத்திலும் ஏராளமான பட்டறைகள் இதே பெட்டிகளைக் கட்டித் தள்ளுகின்றன. ஒரே பெயர்ப்பலகையின் கீழேயே மலிவான கட்டுமானமும் உண்டு, உறுதியானதும் உண்டு. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றே: பைக்கையும் உங்களையும் காப்பாற்றுவது தரைக்கு அடியில் இருக்கும் இரும்பு. பணத்தை முதலில் அங்கே போடுங்கள். பளபளக்கும் கறுப்புத் தகடும் உள்ளே எரியும் எல்இடி வரிசையும் பிறகு வரட்டும்.

முதலில் உங்கள் கார்

டிரெய்லர் கடைக்குப் போவதற்கு முன் காரின் கையேட்டைத் திறக்க வேண்டும். அமெரிக்காவில் வாழும் நம்மவர்கள் வீட்டில் அதிகம் நிற்கும் வண்டிகளையே எடுத்துக்கொள்வோம். இன்றைய டொயோட்டா சியன்னா இழுக்க அனுமதிக்கப்பட்ட எடை 3,500 பவுண்டு, அதாவது சுமார் 1,590 கிலோ. ஹோண்டா பைலட் நான்கு சக்கர இயக்கத்தோடு இருந்தால் 5,000 பவுண்டு, முன்சக்கர இயக்கம் மட்டும் என்றால் 3,500. அதற்கு மேலே பிக்கப் டிரக்குகள்.

இந்த எண் காகிதத்தில் தெரிவதைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும். காரணங்கள் இரண்டு. ஒன்று, டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் ஹிட்ச் மேல் இறங்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் பின்னால் வாலாட்டத் தொடங்கும். அப்படி இறங்கும் எடை காரின் சுமைக் கணக்கில் சேரும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், பயணிகளும் சாமான்களும் சேர்ந்து இத்தனைக்கு மேல் கூடாது என்று. மனைவி, இரண்டு பிள்ளைகள், ஹிட்ச் மேல் இறங்கும் எடை, பின்னால் பைகள் என்று கூட்டினால் பல குடும்ப வண்டிகள் அந்த வரம்பைத் தொட்டுவிடும்.

இரண்டாவது காரணம் காற்று. ஏழடி அகலம், ஏழடி உயரமுள்ள சுவரை மணிக்கு 100 கிலோமீட்டரில் தள்ளிக்கொண்டு போகிறோம். பெட்டி காலியாக இருந்தாலும் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பது இதனால்தான். சில கார்களின் கையேட்டில் டிரெய்லரின் முகப்புப் பரப்பளவுக்கே வரம்பு போட்டிருப்பார்கள். எடையைப் பார்த்தவர்கள்கூட அந்த வரியைப் படிப்பதில்லை. முன்பக்கம் கூராக முடியும் பெட்டிகள் காற்றைக் கொஞ்சம் நன்றாகப் பிளக்கின்றன, உள்ளேயும் அரை மீட்டர் இடம் கூடுதலாகத் தருகின்றன. அதை அற்புதம் என்று விற்பார்கள். உதவிதான், அற்புதம் இல்லை.

ஒற்றை அச்சின் கணக்கு

6×12 பெட்டிகளில் 2,990 பவுண்டு என்ற மொத்த எடை வரம்பை அடிக்கடி பார்க்கலாம். அந்த எண்ணுக்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் 3,000 பவுண்டைத் தாண்டினால் டிரெய்லருக்கே பிரேக் இருக்க வேண்டும். அதற்குக் கீழே நிறுத்தினால் பிரேக் இல்லாமல் மலிவாக விற்கலாம். கீழே இருக்கும் அச்சு 3,500 பவுண்டு தாங்கக்கூடியதுதான், ஆனால் பலகையில் அடித்திருப்பது 2,990.

இதை ஒரு ரேஸ் வார இறுதிக்குப் பொருத்திப் பார்ப்போம். 2,990 பவுண்டு என்றால் 1,356 கிலோ. காலிப் பெட்டி ஏறக்குறைய 590 கிலோ. ஏற்றக்கூடியது 766 கிலோ. யமஹா ஆர்6 சாலை வடிவத்தில் பெட்ரோலோடு 190 கிலோ. விளக்கு, கண்ணாடி, பழைய சைலன்சர் எல்லாம் கழற்றிய ரேஸ் வடிவத்தில் பத்துப் பதினைந்து கிலோ குறையும். இரண்டு பைக்குக்கு 350 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சக்கரங்கள் 40, கருவிப்பெட்டியும் ஸ்டாண்டுகளும் 100, கூடாரம், மேசை, நாற்காலி 40, ஹோண்டா இயு2200ஐ ஜெனரேட்டர் 21, ஐந்து காலன் பெட்ரோல் கேன் இரண்டு 32, ஐஸ்பெட்டியும் தண்ணீரும் 30, லெதர் சூட், ஹெல்மெட், பூட்ஸ் 25, படுக்கை 10, தரையில் பொருத்தும் பிடிப்பான்கள் 25. கூட்டினால் 673 கிலோ. மிச்சம் நூறு கிலோகூட இல்லை.

ஆக 6×12 ஒற்றை அச்சு இரண்டு பைக்குக்குச் சரியாகப் போதும், அதோடு முடிந்தது. சுவரில் அலமாரி அடித்து, மூன்றாவதாக நண்பர் பைக்கையும் ஏற்றினால் வரம்பு உடைந்துவிடும். பெட்டிக்குள் இடம் இருக்கிறது என்பதால் ஏற்றலாம் என்று அர்த்தமில்லை. நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடைகள் இருக்கின்றன. ரேஸுக்குப் போகும் அதே சுமையோடு ஒருமுறை அதில் ஏற்றிப் பாருங்கள். மனக்கணக்கு எவ்வளவு குறைவாகப் போட்டிருக்கிறோம் என்று தெரியும்.

உள்ளே எத்தனை பைக் நிற்கும்?

ஆறடி அகலம் என்பது வெளியளவு. சுவர்ப் பலகைகள் போக உள்ளே 1.73 மீட்டர்தான். ஆர்6-இன் அகலம் 695 மில்லிமீட்டர். இரண்டை இணையாக நிறுத்தினால் 34 சென்டிமீட்டர் மிஞ்சும். ஒருவர் நடுவில் நின்று பிடித்துக்கொண்டே பைக்கை உள்ளே தள்ள அந்த இடம் போதாது. ஒன்றை முன்னே, மற்றொன்றை அரை அடி பின்னே என்று தள்ளி நிறுத்தினால் ஹாண்டில்கள் ஒன்றையொன்று தொடாது. பக்கக் கதவு எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். அது வலப்புறம் நடைபாதைப் பக்கம், பெரும்பாலும் முன்னால் இருக்கும். வலப்பக்கப் பைக் அந்தக் கதவை அடைத்துக்கொண்டு நின்றால், ஏற்றிய பிறகு உள்ளே போய் கட்டுகளைச் சரிபார்க்க வழியில்லாமல் போகும்.

ஏழடிப் பெட்டியின் உள்ளகலம் 2.03 மீட்டர். இரண்டு பைக்குக்கு நடுவே 64 சென்டிமீட்டர். தாராளமாக நடக்கலாம், மண்டியிட்டுக் கட்டலாம். மூன்று பைக் இணையாக நிற்காது, ஆனால் நடுவில் இருப்பதைப் பின்னால் தள்ளினால் நிற்கும். நீளத்திலும் வித்தியாசம் தெரிகிறது. ஆர்6-இன் நீளம் 2.04 மீட்டர். 12 அடிப் பெட்டியில் அதற்குப் பின்னால் 1.6 மீட்டர் மிஞ்சும். ஆள் படுக்க முடியாது. 14 அடியில் 2.2 மீட்டர் கிடைக்கும். இரவு பதினோரு மணிக்கு டிராக்கை அடைந்து, பைக்கை இறக்காமலேயே பின்னால் படுக்கை விரித்துத் தூங்கலாம். வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து கிளம்புகிறவர்களுக்கு இந்த அறுபது சென்டிமீட்டர் பெரிய விஷயம்.

எட்டரை அடிப் பெட்டி சாலையில் அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச அகலமான 102 அங்குலத்தை உடலாலேயே நிரப்பிவிடுகிறது. அதனால் சக்கரத்துக்கு வெளியே இடமில்லை. சக்கர மேடு உள்ளே புடைத்துக்கொண்டு நிற்கும். நான்கு பைக், முழு நீள மேசை, ஏசி என்று எல்லாம் வைக்கலாம். ஆனால் காலிப் பெட்டியே 3,000 பவுண்டைத் தாண்டும். பெரிய பிக்கப் இல்லாதவர்கள் யோசிக்கவே வேண்டாம். தனி ஆளுக்கு அது சுமை. இருவர் மூவர் செலவைப் பகிர்ந்துகொண்டு போகும் குழுவுக்குத்தான் பொருந்தும்.

சாய்தளமும் பைக்கின் வயிறும்

பின்கதவு இரண்டு வகை. அலமாரி போலப் பக்கவாட்டில் திறக்கும் இரட்டைக் கதவு, அல்லது கீழே சாய்ந்து தளமாகும் கதவு. ரேஸ் பைக்குக்கு இரண்டாவதுதான். ஸ்பிரிங் உதவியோடு ஒரே ஆள் அந்தக் கதவை எளிதாகத் தூக்கி இறக்கலாம்.

சிக்கல் வேறிடத்தில். ரேஸ் பைக்கின் கீழ் ஃபேரிங் என்ஜின் எண்ணெய் சிந்தினால் ஏந்திக்கொள்ளும்படி மூடியிருக்கும். சாலை பைக்கைவிடத் தரைக்கு நெருக்கம். பைக் சாய்தளத்தில் ஏறி, முன்சக்கரம் பெட்டித் தரைக்குள் போய், பின்சக்கரம் இன்னும் சரிவில் இருக்கும் அந்த நொடியைக் குனிந்து பாருங்கள். இரண்டு தளங்களும் சேரும் விளிம்பு, பைக்கின் வயிற்றுக்கு நேர் கீழே முட்டிக்கொண்டு வரும். தரை 20 அங்குல உயரம், சாய்தளம் ஆறடி நீளம் என்றால் சரிவு 16 டிகிரி. ஆர்6-இன் சக்கர இடைவெளி 1,375 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் விளிம்பு வயிற்றை நோக்கி 97 மில்லிமீட்டர் ஏறி வருகிறது. பைக்கின் தரை இடைவெளியே 130தான். மிஞ்சுவது 33 மில்லிமீட்டர். சஸ்பென்ஷன் ஒருமுறை அமுங்கினால் ஃபேரிங் உரசும்.

தீர்வு எளிது. பெட்டியின் உயரம் ஆறரை அடியாக இருந்தால் சாய்தளமும் அரை அடி நீளும். ரப்பரே ஸ்பிரிங்காக இருக்கும் டார்ஷன் அச்சு உள்ள பெட்டிகளில் தரை இரண்டு மூன்று அங்குலம் தாழ்வாக வரும். இரண்டும் சேர்ந்தால் சரிவு சுமார் 13 டிகிரிக்கு வந்துவிடும், வயிற்றுக்கு அடியில் சுமார் 50 மில்லிமீட்டர் நிம்மதி கிடைக்கும். ஏற்றும்போது சாய்தளம் இறங்கும் இடம் கொஞ்சம் மேடாக இருக்கும்படி நிறுத்தினாலும் சரிவு குறையும்.

ஒரு எச்சரிக்கை. காரிலிருந்து கழற்றிய ஒற்றை அச்சு டிரெய்லரில் பைக்கை ஏற்றவே கூடாது. பைக்கின் எடை பின்விளிம்பில் ஏறியதும் வால் தாழ்ந்து முன்பக்கம் மேலே எகிறும். சரிவில் பைக்கோடு நிற்கிறவருக்குத் தப்ப வழியில்லை. ஹிட்சில் மாட்டியிருக்கும்போது மட்டும் ஏற்றுங்கள். அல்லது பின்மூலைகளுக்கு முட்டுக் கொடுங்கள்.

குனிந்து பார்க்க வேண்டியவை

கடையில் விற்பவர் உள்விளக்கைப் போட்டுக் காட்டிக்கொண்டிருப்பார். நீங்கள் ஒரு டார்ச்சோடு அடியில் படுங்கள்.

முதலில் குறுக்குச் சட்டங்கள். தரைக்குக் கீழே 16 அங்குலத்துக்கு ஒன்று என்று இருந்தால் நல்ல கட்டுமானம். 24 அங்குலத்துக்கு ஒன்று என்றால் பைக்கின் எடை ஒரே இடத்தில் அழுத்தும்போது பலகை தொய்யும். சுவர்த் தூண்களுக்கும் இதே அளவுகோல். தரைப் பலகை முக்கால் அங்குல பிளைவுட், சுவர் 3/8 அங்குலம் இருக்கட்டும். இரும்புக்குப் பூசிய கறுப்புப் பூச்சு பற்றவைத்த இணைப்புகளிலும் பிடித்திருக்கிறதா, பலகையின் அடிப்பக்கம் ஈரத்தைத் தாங்கும்படி பூசியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து அச்சு. லீஃப் ஸ்பிரிங் மலிவு, எந்த ஊர்ப் பட்டறையிலும் பழுது பார்க்கலாம். டார்ஷன் அச்சில் குழாய்க்குள் இருக்கும் ரப்பர்தான் ஸ்பிரிங். நான் இழுத்துப் பார்த்ததில் பாலங்களின் இணைப்புகளைத் தாண்டும்போது இரண்டுக்கும் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. லீஃப் ஸ்பிரிங் பெட்டி ஒவ்வொரு இணைப்பிலும் துள்ளியது, காருக்குள் முதுகில் உதை விழுந்தது. டார்ஷன் அச்சில் ஒரு அமுங்கலோடு அடங்கியது. பைக்குக்கும் கட்டுகளுக்கும் அதே உதைதான் போய்ச் சேருகிறது. கையில் கூடுதலாக இருக்கும் பணத்தைச் செலவிட நான் காட்டும் முதல் இடம் இது.

இரண்டாவது இடம் பிரேக். சட்டம் கேட்காவிட்டாலும் 6×12 பெட்டிக்கு மின்சார பிரேக் போட்டு வாங்குங்கள். 1,250 கிலோ பின்னால் இருந்து தள்ளும்போது ஒரு எஸ்யூவியின் பிரேக் தனியாகச் சமாளிப்பது சிரமம். ஏழு முனை இணைப்பும், ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் பிரேக் கன்ட்ரோலரும் வேண்டும். டிரெய்லர் காரைவிட்டுக் கழன்றால் தானே பிரேக் பிடிக்கும் அவசர ஸ்விட்ச் வேலை செய்கிறதா என்று கம்பியை இழுத்துப் பார்த்தே வாங்குங்கள்.

பிறகு டயர். இங்கே எஸ்டி என்று குறித்த டிரெய்லர் டயர்கள் போடுவார்கள். ஒற்றை அச்சுப் பெட்டிகளில் அதிகம் வரும் எஸ்டி 205/75 ஆர்15, சி பிரிவில், 50 பிஎஸ்ஐ காற்றோடு 1,820 பவுண்டு தாங்கும். காற்று 35-க்கு இறங்கினால் அந்தத் தாங்குதிறனும் இறங்கும், சூடேறும், வெடிக்கும். தனியாக வேகக் குறியீடு இல்லாத பழைய வகைகளுக்கு மணிக்கு 65 மைல்தான் எல்லை. டயரின் பக்கத்தில் டிஓடி எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு எண்கள் பிறந்த வாரமும் ஆண்டும். வருடத்தில் பாதி நாள் நின்றுகொண்டே வெயிலில் காயும் டயர் இது. தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதைவிட வயதைப் பார்ப்பதே முக்கியம். ஐந்து வருடம் தாண்டினால் மாற்றிவிடுங்கள்.

புது டிரெய்லரை வீட்டுக்கு ஓட்டி வரும் வழியிலேயே வீல் நட்டுகளை இறுக்க வேண்டும். டெக்ஸ்டர் அச்சுகளின் கையேடு 10, 25, 50 மைல்களில் மறுபடி இறுக்கச் சொல்கிறது. அரை அங்குல நட்டுக்கு 90 முதல் 120 அடி-பவுண்டு. சக்கரம் கழன்று பக்கத்துத் தடத்துக்கு ஓடும் விபத்துகளைத் தடுக்கும் ஐந்து நிமிட வேலை.

கூரை, சுவர்

ஒரே தகடாக வரும் அலுமினியக் கூரை இருந்தால் ஒழுகலுக்கு வழி குறைவு. துண்டு துண்டாக இணைத்த தகடுக் கூரையில் ஒட்டுப்பசை வெயிலில் வெடித்ததும் தண்ணீர் உள்ளே வரும். மேலே காற்றுப்போக்கி பொருத்தியிருந்தால் அதன் ஓரமே முதலில் ஒழுகும். கடைக்காரரிடம் தண்ணீர்க் குழாய் கேளுங்கள். கூரையில் பத்து நிமிடம் ஊற்றிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தி, மூலைகளைக் கையால் தடவிப் பாருங்கள். பட்டப்பகலில் கதவைச் சாத்தி நிற்கும்போது எங்கெல்லாம் வெளிச்சம் தெரிகிறதோ அங்கெல்லாம் மழையும் தூசியும் வரும்.

பைக்கைப் பிடித்து வைப்பது

தரையில் திருகிய சாதாரண வளையங்களை நம்ப வேண்டாம். வளையத்தின் போல்ட் பலகையைத் தாண்டி இரும்புச் சட்டத்தில் இறங்க வேண்டும், இல்லையென்றால் அடியில் அகலமான தகடு வைத்து இறுக்க வேண்டும். நீளவாக்கில் பதிக்கும் இ-டிராக் தண்டவாளம் இன்னும் நல்லது. ஒரு வாரம் ஆர்6, மறு வாரம் நின்ஜா 400 என்று மாறினாலும் கட்டும் இடத்தை நகர்த்திக்கொள்ளலாம்.

வழக்கமான முறை: முன்சக்கரத்தைக் கவ்வும் சாக், நான்கு ஸ்டிராப். முன்பக்க ஸ்டிராப்பை ஹாண்டிலில் மாட்டாமல் கீழ் டிரிபிள் கிளாம்பில் மாட்டுங்கள். ரேஸ் பைக்கின் கிளிப்-ஆன் ஹாண்டில் பக்கவாட்டு இழுப்பில் திரும்பிவிடும். முன் ஃபோர்க் மூன்றில் ஒரு பங்கு அமுங்கும் அளவுக்கு இறுக்கினால் போதும். முழுக்க அமுக்கினால் பள்ளத்தில் விழும் அடி ஃபோர்க் சீலுக்குப் போகும்.

இதைவிட மேலான வழி ஒன்று உண்டு. அலபாமாவைச் சேர்ந்த பிட் புல் நிறுவனத்தின் டிஆர்எஸ் என்ற பிடிப்பான். பைக்கின் பின் அச்சை இரண்டு பக்கமும் பிடித்துத் தரைத் தகட்டோடு பூட்டிவிடும். ஸ்டிராப் ஒன்றுமில்லை. சஸ்பென்ஷன் சுதந்திரமாக வேலை செய்யும், ஃபேரிங்கில் எதுவும் உரசாது. ஏற்றி நிறுத்தினால் ஒரு நிமிடத்துக்குள் பைக்கை அசையாமல் பூட்டிவிடலாம். ஒவ்வொரு மாடலுக்கும் தனி இணைப்புத் துண்டு வேண்டும், விலையும் அதிகம், அடிக்கடி வேறு வேறு பைக் ஏற்றுபவர்களுக்குப் பொருந்தாது. ஒரே ரேஸ் பைக்கை வருடம் முழுக்க ஏற்றுபவருக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். ஐந்து ரேஸ் ஓட்டிக் களைத்த கைகள் ஞாயிறு மாலை ஸ்டிராப் இறுக்கும்போதுதான் தவறுகள் நடக்கின்றன.

சாலையில் எப்படி?

6×12-ஐ எஸ்யூவியில் இழுத்தபோது நகரத்துக்குள் சுகம். திருப்பம் குறுகலாக இருந்தாலும் பின்னாலேயே வந்துவிடும், கழற்றிவிட்டுத் தட்டையான தரையில் இரண்டு பேர் தள்ளி நிறுத்தலாம். நெடுஞ்சாலையில் பெரிய டிரக் ஒன்று முந்தும்போது அதன் காற்று பெட்டியை முதலில் தள்ளி, பிறகு உறிஞ்சுகிறது. பைக்குகளைச் சரியாக வைத்திருந்தால் ஒரு அசைவோடு நின்றுவிடும். மொத்தச் சுமையில் 60 சதவீதம் அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும் என்ற விதி இங்கேதான் உயிர் காக்கிறது. பைக்குகளை முன்சுவரை ஒட்டி நிறுத்தி, கருவிப்பெட்டியை அச்சுக்கு மேலே, லேசான கூடாரத்தையும் படுக்கையையும் பின்னால் வையுங்கள். கனமானதைப் பின்கதவுப் பக்கம் போட்டால் கட்டுப்பாடு போய்விடும்.

வாலாட்டம் தொடங்கினால் கார் பிரேக்கை மிதிக்கவும் கூடாது, ஸ்டியரிங்கை எதிர்த்திசையில் வெட்டவும் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கன்ட்ரோலரில் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் மெல்ல அழுத்துங்கள். டிரெய்லர் காரை நேராக இழுத்துப் பிடிக்கும். பிரேக் இல்லாத டிரெய்லரில் இந்தக் கடைசி ஆயுதம் கிடையாது. பிரேக்குக்காக நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

7×14 இரட்டை அச்சு பிக்கப்புக்குப் பின்னால் அமைதியாக வந்தது. நான்கு சக்கரம் தரையைப் பிடிப்பதால் பக்கக் காற்றுக்கு அவ்வளவாக அசையவில்லை. ஒரு டயர் வெடித்தாலும் மற்ற மூன்று தாங்கி ஓரத்துக்குக் கொண்டுவரும். விலை? அதே தரக் கட்டுமானத்தில் 6×12-ஐவிடப் பெரும்பாலும் சில ஆயிரம் டாலர் கூடுதல். டயரும் பேரிங்கும் இரண்டு மடங்கு. கையால் தள்ளி நகர்த்த முடியாது. பெரிய 20 அடிப் பெட்டி இன்னும் நிலையாக வரும், ஆனால் பெட்ரோல் பங்கில் நுழைவதும் திரும்புவதும் ஒவ்வொரு முறையும் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்.

பேடக்கில் வாழ்வது

ஆறடி உயரப் பெட்டியில் நான் நாள் முழுக்கத் தலை குனிந்தே நிற்க வேண்டியிருந்தது. ஆறரை அடி உயரம் காற்றில் கொஞ்சம் செலவு வைக்கும். ஆனால் லெதர் சூட் மாட்டும்போது நிமிர்ந்து நிற்கலாம். அதற்காகவே கொடுங்கள்.

பெட்ரோல் கேனோடும் பைக்கோடும் ஒரே அறையில் தூங்கப்போகிறோம் என்பதை மறக்க வேண்டாம். ஆவி தங்காமலிருக்க கீழே பக்கத் துளைகளும் மேலே காற்றுப்போக்கியும் இருக்கட்டும். இரவில் கேன்களை வெளியே வையுங்கள். ஜெனரேட்டரைப் பெட்டிக்குள்ளோ, திறந்த கதவருகிலோ ஓட்டவே கூடாது. மணமில்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொல்லும். ஒரு எச்சரிக்கைக் கருவி வாங்கி உள்ளே மாட்டிவிடுங்கள்.

தரைக்கு ரப்பர் விரிப்புப் போட்டுத் தருவார்கள். எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்தால் அதில் ரேஸ் பூட்ஸ் வழுக்கும். மணல் கலந்த தரைப்பூச்சு நல்ல பிடிப்பு தருகிறது, துடைக்கவும் எளிது.

திருட்டு இங்கே நிஜமான பயம். விடுதி வாசலில் நிறுத்திய டிரெய்லரை முழுசாக மாட்டி ஓட்டிப் போய்விடுவார்கள். ஸ்பான்சர் ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி உள்ளே பைக் இருக்கிறது என்று ஊருக்குச் சொல்கிறது. வெறும் வெள்ளைப் பெட்டி, ஹிட்சுக்கு ஒரு பூட்டு, சக்கரத்துக்கு ஒரு பூட்டு, மறைவாக ஒரு ஜிபிஎஸ் போதும். வாங்கும் முன் உங்கள் குடியிருப்புச் சங்கத்தின் விதியையும் படியுங்கள். வீட்டு வாசலில் டிரெய்லர் நிறுத்தக் கூடாது என்று பல சங்கங்கள் சொல்கின்றன. மாத வாடகைக்கு வேறு இடம் பிடிப்பதும் செலவுக் கணக்கில் சேர வேண்டும்.

யாருக்கு எது?

இதுவரை டிரெய்லர் இழுத்தே பழக்கமில்லையா? யூ-ஹாலில் திறந்த மோட்டார் சைக்கிள் டிரெய்லரை வாடகைக்கு எடுத்து, அவர்கள் சொல்லும் 55 மைல் வேகத்தில் இரண்டு டிராக் நாள் போய்வாருங்கள். பின்னால் எடுப்பதும், நிறுத்துவதும், முந்துவதும் கைக்கு வந்த பிறகு வாங்கலாம்.

ஒரு பைக், அல்லது லேசான இரண்டு பைக், 5,000 பவுண்டு இழுக்கும் எஸ்யூவி: 6×12, டார்ஷன் அச்சு, மின்சார பிரேக், 16 அங்குலச் சட்டம், ஆறரை அடி உயரம். 3,500 பவுண்டு வரம்புள்ள வண்டி என்றால் ஒரே பைக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள், குடும்பத்தை வேறு காரில் வரச் சொல்லுங்கள்.

பிக்கப் இருக்கிறது, இரண்டு அல்லது மூன்று பைக், மாதம் ஒரு ரேஸ்: 7×14 இரட்டை அச்சு. மூன்றிலும் எனக்கு நிறைவு தந்தது இதுதான். பைக் நிற்கும், ஆள் நிற்கலாம், படுக்கலாம், பக்கக் காற்று வந்தாலும் ஸ்டியரிங்கில் கை இறுகாது. அந்தக் கூடுதல் பணத்தை ஒரு செட் ரேஸ் வீலுக்குக் கொடுப்பதைவிட இதற்குக் கொடுப்பது புத்திசாலித்தனம் என்று உறுதியாகச் சொல்வேன்.

பழையது வாங்கினால் பெயின்ட்டைப் பார்க்காமல் பின்கதவின் கீல் அருகே தரைப் பலகையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அங்கே அழுகிவிட்டது, விலையைக் குறையுங்கள் அல்லது திரும்பிவிடுங்கள். ஒரு சிறிய ஓட்டத்துக்குப் பின் எல்லாச் சக்கர மையங்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் பேரிங்கோ பிரேக்கோ போயிருக்கிறது.

எந்த அளவை எடுத்தாலும் செலவு வரிசை மாற வேண்டாம்: அச்சு, பிரேக், டயர், தரை, கூரை. அதற்குப் பிறகு பணம் மிஞ்சினால் விளக்கு, அலமாரி, ஏசி. விற்பனையாளர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகக் காட்டுவார்கள், ஏனென்றால் கண்ணில் படுவது கடைசி மூன்றும்தான். நீங்கள் டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேளுங்கள்.